சத்தியம் செய்தவர் வேதத்தை மீறியவரா?

தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரை எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் இன்று ஒரு வாதம் காதில் விழுகிறது. கிறிஸ்தவன் சத்தியம் செய்யவே கூடாது. கோர்ட்டுக் கூண்டில் செய்தாலும் பாவம், பஞ்சாயத்துத் தலைவர் பதவியேற்பில் செய்தாலும் பாவம். இயேசு தடுத்துவிட்டார், அதோடு பேச்சு முடிந்தது என்பதே அந்த வாதம். ஜெபக்கூட்டங்களில் சொல்கிறார்கள். கைப்பிரதிகளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். மத்தேயு 5:34, யாக்கோபு 5:12 என்ற இரண்டு எண்களையும் சிறுபிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்கின்றன.

வாதம் வாதமாக மட்டும் இருந்தால் எழுத வேண்டிய தேவை இல்லை. தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்று வாழும் மீனவக் குடும்பங்களைப் பார்த்து, "நீங்கள் வேதத்தை மீறுகிறவர்கள்" என்று தீர்ப்புச் சொல்ல இது பயன்படுகிறது. கணவனைக் கடலில் பறிகொடுத்த பெண் இழப்பீட்டு வழக்கில் சாட்சி சொல்லிவிட்டு வந்து, "கடவுள் பெயரைச் சொல்லிட்டேனே, தப்பாயிடுச்சோ?" என்று கலங்கும் நிலையை இது உண்டாக்குகிறது. அதனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

முதற்கண்ணி, இயேசுவின் சொல். மலைப்பொழிவில் அவர் சத்தியமே செய்யவேண்டாம் என்றுதான் சொன்னார். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று பேச்சு இருக்கவேண்டும், அதற்கு மேற்பட்டது தீமையிலிருந்து வருகிறது என்றும் சொன்னார். இதை மழுப்பக் கூடாது. ஆனால் அதே மூச்சில் அவர் கொடுக்கும் பட்டியலைப் படித்துக்காட்ட யாரும் நிற்பதில்லை. வானத்தின் மேல், பூமியின் மேல், எருசலேமின் மேல், சொந்தத் தலையின் மேல் என்று நான்கைச் சொல்கிறார். இந்த நான்கில் எதுவும் கடவுளின் பெயர் அல்ல. கடவுளின் பெயரைச் சொன்னால் சத்தியம் கட்டிவிடும் என்று பயந்தவர்கள் வானத்தையும் பூமியையும் சொல்லித் தப்பிக்கப் பார்த்தார்கள். அந்த வாசலைத்தான் அவர் அடைக்கிறார்: வானம் கடவுளின் சிம்மாசனம், பூமி அவர் பாதபீடம், எதைச் சொன்னாலும் அவரிடம்தான் வந்து நிற்பாய் என்கிறார்.

இது என் ஊகமல்ல. அதே மத்தேயு 23-ஆம் அதிகாரத்தில் இந்த விளையாட்டு வெளிச்சத்துக்கு வருகிறது. கோயிலின் மேல் சத்தியம் செய்தால் பரவாயில்லை, கோயிலின் பொன் மேல் செய்தால்தான் கட்டும். பலிபீடத்தின் மேல் செய்தால் பரவாயில்லை, அதன் மேல் இருக்கும் காணிக்கையின் மேல் செய்தால்தான் கட்டும் என்று அன்றைய போதகர்கள் விதி வகுத்திருந்தார்கள். அப்படி வகுத்தவர்களைக் குருட்டு வழிகாட்டிகள் என்று இயேசு சாடுகிறார். அங்கே அவர், "கோயிலின் மேல் சத்தியம் செய்தவன் பாவி" என்று சொல்லவில்லை. கோயிலின் மேல் சத்தியம் செய்தவன் அதில் வசிக்கிறவர் மேலேயே செய்திருக்கிறான், ஆகவே அவன் கட்டுப்பட்டவன் என்று சொல்கிறார். சத்தியம் எதுவாயினும் வெற்றுச்சொல் என்பது அவர் கருத்தாக இருந்தால் இப்படிப் பேசியிருக்க முடியாது.

நம் ஊர் வழக்கத்தோடு வைத்துப் பாருங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "மாதா மேல சத்தியமா இதுக்கு மேல கட்டாது" என்பார் வியாபாரி. "புள்ள மேல சத்தியமா போன தடவ நஷ்டம்" என்பார் இன்னொருவர். விலை படிந்ததும் இருவரும் சிரித்துக்கொண்டு போவார்கள். மாதாவும் பிள்ளையும் அங்கே பேரத்துக்கு முட்டுக்கொடுக்க வந்தவர்கள். வீட்டுச் சண்டையில் குழந்தையை இழுத்து வந்து அதன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். என்ன ஏது என்று புரியாமல் அந்தக் குழந்தை விழிக்கும். உன் தலையின் மேலும் சத்தியம் செய்யாதே, ஒரு மயிரைக்கூட வெள்ளையாக்கவோ கறுப்பாக்கவோ உன்னால் ஆகாது என்று அவர் சொன்னது இவர்களைப் பார்த்துத்தான். மலைப்பொழிவு நம் கடற்கரையை எங்கே தொடுகிறது என்று கேட்டால் நான் ஏலத்தையும் வீட்டு முற்றத்தையும் காட்டுவேன். கோர்ட்டுக் கூண்டு அதற்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறது.

கூண்டு என்றதும் இயேசுவே நின்ற கூண்டு நினைவுக்கு வரவேண்டும். மத்தேயு 26. பிரதான ஆசாரியன் முன்னே பொய்ச்சாட்சிகள் வரிசையாக வருகிறார்கள். இயேசு வாய் திறக்கவில்லை. பிறகு ஆசாரியன், ஜீவனுள்ள கடவுள் மேல் ஆணையிட்டுக் கேட்கிறேன், நீ கிறிஸ்துவா சொல் என்கிறான். அப்போது இயேசு பதில் சொல்கிறார். ஆணையிட்டுக் கேட்கப்பட்டவன் தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருந்தால் குற்றம் அவன் மேல் என்று லேவியராகமம் 5:1 சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குள் நின்றுதான் அவர் மௌனத்தைக் கலைத்தார். "அவர் தம் வாயால் சத்தியம் செய்யவில்லையே" என்று மறுப்பார்கள், சரிதான், செய்யவில்லை. ஆனால் ஆணையிட்டுக் கேட்பதே தீமை என்று அவர் ஆசாரியனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. அதே இரவில் வெளி முற்றத்தில் ஒருவர் ஆணையிட்டுப் பொய் சொன்னார். அவர் பேதுரு. நெருப்புக் காய்ந்துகொண்டிருந்தவர்கள் நடுவே, எந்த நீதிபதியும் கேட்காமல், தப்பிப்பதற்காக அவர் செய்த சத்தியம் அது. உள்ளே நடந்ததையும் வெளியே நடந்ததையும் மத்தேயு அடுத்தடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்த கண்ணி: பழைய ஏற்பாடு சத்தியத்தை அனுமதித்தது, புதிய ஏற்பாடு அதை ரத்து செய்தது. அனுமதித்தது என்பது குறைத்துச் சொல்வது. உபாகமம் 6:13 கடவுளின் பெயரால் ஆணையிடு என்று கட்டளையே இடுகிறது. வேறு தெய்வங்களின் பெயரைச் சொல்லாதே என்பதுதான் அதன் மறுபக்கம். எங்கே, எதற்கு ஆணையிடுவது என்பதிலும் பழைய ஏற்பாடு கவனமாக இருக்கிறது. யாத்திராகமம் 22-இல் ஒரு வழக்கு வருகிறது. ஒருவன் தன் கழுதையையோ மாட்டையோ அடுத்தவனிடம் பார்த்துக்கொள்ளக் கொடுக்கிறான். அது செத்துப்போகிறது, அல்லது யாரோ ஓட்டிக்கொண்டு போகிறார்கள். பார்த்த சாட்சி இல்லை. அப்போது பொறுப்பேற்றவன் நான் கைவைக்கவில்லை என்று கடவுள் முன் ஆணையிட வேண்டும், உடைமைக்காரன் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், நஷ்டஈடு இல்லை. சாட்சி இல்லாத இடத்தில் மட்டும், ஏழையும் பணக்காரனும் ஒரே நிலையில் நின்று வழக்கை முடித்துக்கொள்ள ஒரு வழி இது.

கடலில் தொழில் செய்கிறவனுக்கு இந்த வழக்கு விளக்கம் இல்லாமலே புரியும். முத்துச்சிலாபம் நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கார அரசாங்கம் நடத்திய சிலாபங்களில் குளித்தெடுத்த சிப்பியைக் கரையில் பங்கு வைப்பார்கள். அரசுக்கு இரண்டு பங்கு, குளியாளிகளுக்கு ஒரு பங்கு. நடுக்கடலில் ஒரு சிப்பி திறக்கப்பட்டதா, ஒரு முத்து வாய்க்குள் போனதா என்பதற்குத் தோணியில் இருந்தவர்களைத் தவிர வேறு சாட்சி கிடையாது. 1961-க்குப் பிறகு தூத்துக்குடிக் கரையில் முத்துச்சிலாபம் நடக்கவில்லை. ஆனால் சாட்சியில்லாத நஷ்டம் இன்றும் நடக்கிறது. இரவில் வலை அறுபடுகிறது. கரையில் நிறுத்திய படகிலிருந்து எஞ்சின் சாமான் காணாமல் போகிறது. ஊர்க் கமிட்டி கூடி, கெபி முன்னாலோ குருசடியிலோ வந்து சொல் என்று கேட்பது அந்தப் பழைய யாத்திராகம வழக்கின் நேர் வாரிசு. வேதத்தை மீறிய வழக்கம் என்று அதை ஒரே வீச்சில் தள்ளுகிறவர்கள் யாத்திராகமம் 22-ஐயும் சேர்த்துத் தள்ளவேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. சத்தியம் இயல்பிலேயே தீமை என்றால், கடவுளே ஆபிரகாமிடம் தம்மேல் ஆணையிட்டுச் சொன்னது என்னாவது? அது ஆதியாகமம் 22-இல் இருக்கிறது. பழையது என்று ஒதுக்கவும் முடியாது, ஏனென்றால் புதிய ஏற்பாட்டு எபிரெயர் நிருபம் 6-ஆம் அதிகாரத்தில் அதையே எடுத்து, மனிதர் தங்களைவிடப் பெரியவர் மேல் ஆணையிடுகிறார்கள், அது தகராறுகளை முடித்துவைக்கிறது என்று இயல்பாகப் பேசுகிறது. கண்டனத்தின் சாயல்கூட அங்கே இல்லை.

அப்போஸ்தலர் யாரும் சத்தியம் செய்யவில்லை என்ற மூன்றாம் கண்ணியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பவுலின் நிருபங்களைத் திறந்தால் போதும். ரோமர் 1:9, பிலிப்பியர் 1:8, இரண்டிலும் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். கலாத்தியர் 1:20-இல் கடவுள் முன்னிலையில் சொல்கிறேன், பொய்யல்ல என்கிறார். 2 கொரிந்தியர் 1:23 இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது. தம் ஆத்துமாவின் மேலேயே கடவுளைச் சாட்சியாக வரவழைக்கிறார். பேரம் பேசும்போதோ கோபத்திலோ சொன்னவை அல்ல இவை. தம் நேர்மையைச் சந்தேகித்த சபைகளுக்கு யோசித்து எழுதியவை. அதே பவுல் பொருத்தனை செய்து கெங்கிரேயாவில் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகள் 18:18 சொல்கிறது. மாதா கோயிலில் நேர்ச்சைக்கு மொட்டையடிக்கும் நம் தாய்மாரைக் கேலி பேசுகிறவர்கள் அந்த வசனத்தையும் படிக்க வேண்டும்.

நான்காவதாக, கோர்ட்டுச் சத்தியத்துக்கு இடம் கொடுத்தது கத்தோலிக்கக் குருமாரின் மனித ஏற்பாடு, வேதத்துக்குத் திரும்பியவர்கள் அதை விட்டுவிட்டார்கள் என்கிறார்கள். வரலாறு இதற்கு ஒத்துவரவில்லை. நம் கடற்கரையின் வரலாறே போதும். 1530-களில் ஞானஸ்நானம் பெற்ற பரதவரிடம் 1542-இல் வந்து சேர்ந்த சவேரியார், விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் தமிழில் சொல்லி, இதை நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் மார்பில் கைகளைச் சிலுவையாகக் கட்டிக்கொண்டு, நம்புகிறோம் என்று உரக்கச் சொல்வார்கள். இதை அவரே 1544-இல் தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில் சொல்லியிருக்கிறார். ஆம் என்பதை உடம்போடும் குரலோடும் சொல்லப் பழகிய சனம் இது. பத்துக் கட்டளைகளையும் அவர்கள் அப்போதே தமிழில் கற்றார்கள். கடவுளின் பெயரை வீணாகச் சொல்லாதே என்பது அவர்கள் எண்ணிக்கையில் இரண்டாம் கட்டளை.

1658-இல் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கால்வினிய சீர்திருத்த சபையினர். கத்தோலிக்கக் குருமாரை விரட்டியவர்கள். வேதம் ஒன்றே போதும் என்றவர்கள். பரதவரைத் தங்கள் சபைக்கு இழுக்கப் பார்த்தார்கள், பரதவர் அசையவில்லை. இந்த டச்சுக்காரர்களின் ஞானோபதேசம் 1563-ஆம் ஆண்டின் ஹைடல்பர்க் வினாவிடை. சத்தியத்தைப் பற்றி அது என்ன சொல்கிறது? அதிகாரிகள் கேட்கும்போதும், உண்மையை நிலைநாட்டத் தேவைப்படும்போதும் கடவுளின் பெயரால் பயபக்தியோடு சத்தியம் செய்யலாம் என்கிறது. அடுத்த கேள்வியிலேயே, புனிதர்கள் மேலோ வேறு படைப்புகள் மேலோ செய்யலாமா என்று கேட்டு, கூடாது என்று விடை சொல்கிறது. ஆக, அன்று இந்தக் கரையில் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற இரண்டு சபைகளுக்கும் நீதிமன்றச் சத்தியத்தைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. மாதா மேல், அந்தோணியார் மேல் என்று வரும்போதுதான் வேறுபட்டார்கள். இங்கிலாந்து சபையின் 39 கொள்கைப் பிரமாணங்களில் கடைசிப் பிரமாணம் நீதிபதி கேட்கும் சத்தியத்தை ஏற்கிறது. திருநெல்வேலிச் சீமையில் சுவிசேஷம் சொன்ன ஆங்கிலிக்கன் மிஷனரிகள் அந்தப் பிரமாணத்துக்குக் கையெழுத்திட்டு வந்தவர்கள்.

சத்தியத்தை அடியோடு மறுத்தவர்களும் வேதத்தை நேசித்தவர்களே. அதை மறைத்தால் நானும் அரைகுறை வாசிப்பைத்தான் செய்தவனாவேன். அந்தியோக்கியாவில் 387-இல் யோவான் கிறிசோஸ்தோம் திரும்பத் திரும்பச் சத்தியத்துக்கு எதிராகப் பிரசங்கம் செய்தார். அதே காலத்து அகுஸ்தீனோ பவுலின் நடைமுறையை வைத்து இயேசுவின் கட்டளையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். இருவருமே புனிதர்கள். 1527-இல் சுவிட்சர்லாந்து அனபாப்டிஸ்டுகள் ஷ்லைட்ஹைமில் எழுதிய அறிக்கையில் சத்தியம் வேண்டாம் என்பதை ஒரு தனிப் பிரிவாகவே வைத்தார்கள். இங்கிலாந்தில் குவாக்கர்கள் சத்தியம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். அவர்கள் பொருட்டு 1696-இல் பாராளுமன்றம் சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழியை ஏற்கச் சட்டம் செய்தது. இவர்களைப் பார்த்து, நீங்கள் மத்தேயுவைத் தவறாகப் படித்தீர்கள் என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. யாக்கோபு 5:12 கறாரான வசனம். வானம், பூமி என்று ஆரம்பித்து வேறெந்தச் சத்தியமும் வேண்டாம் என்று முடிகிறது. அதைப் படித்துவிட்டு ஒருவர் என் வாயால் சத்தியம் வராது என்றால், அவர் மனச்சாட்சி மதிக்கத்தக்கது. குவாக்கர்கள் தங்களுக்கு விலக்குக் கேட்டார்கள், அதற்கான விலையைச் சிறையில் கொடுத்தார்கள். இங்கே கேட்பது விலக்கு அல்ல. சத்தியம் செய்த அடுத்தவரைப் பாவி என்று சொல்லும் உரிமை. என் மறுப்பு அதற்கு மட்டும்தான்.

கடைசிக் கண்ணி, கோர்ட்டு கிறிஸ்தவனை வேதத்தை மீறச்சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது என்பது. இந்திய நாட்டில் நெடுங்காலமாகவே இது உண்மையல்ல. 1840-இல் கம்பெனி அரசு செய்த ஐந்தாம் சட்டம், கங்கை நீரைத் தொட்டும் குர்ஆனைத் தொட்டும் சத்தியம் வாங்கும் முறையை நிறுத்தி இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் உறுதிமொழியைக் கொடுத்தது. 1873-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களோடு, சத்தியம் செய்ய ஆட்சேபணை உள்ள எவரையும் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்தவரும் ஆட்சேபித்திருக்கலாம். அதே 1873 சட்டத்தில் வேறொரு வழியும் இருந்தது: எதிராளி அவன் குலத்தார் மதிக்கும் முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன் என்று ஒரு தரப்பு சொல்லலாம், கோயிலில் போய் அதைச் செய்யவும் கோர்ட்டு ஆள் அனுப்பலாம், அப்படிச் செய்த சத்தியமே அந்த விஷயத்தில் முடிவான சாட்சி. 1969-ஆம் ஆண்டின் சத்தியப்பிரமாணச் சட்டம் அந்த வழியை எடுத்துவிட்டது.

இன்று கூண்டில் ஏறுகிறவர் முன் இரண்டு வழிகள் சமமாக இருக்கின்றன: கடவுளின் பெயரால் ஆணையிடுவது, அல்லது உளமார உறுதி கூறுவது. எதைத் தேர்ந்தாலும், சொல்வதெல்லாம் உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை என்ற பொறுப்பு ஒன்றே. பொய் சொன்னால் இரண்டுக்கும் தண்டனை ஒன்றே, 7 ஆண்டு வரை சிறை. சினிமாவில் காட்டுவதுபோல் வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சட்டத்தின் படிவம் சொல்லவில்லை. பதவியேற்புக்கும் அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இதே இரண்டு வழிகளைத்தான் வைத்திருக்கிறது. நம் சட்டமன்றத்தில் திராவிட இயக்கத்தவர் உளமார உறுதி கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆகவே சத்தியம் செய்ய மனம் இல்லாத கிறிஸ்தவருக்கு நம் சட்டம் எந்தச் சங்கடமும் வைக்கவில்லை. கேட்டால் போதும்.

இவ்வளவு வசனங்களும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே, அப்படியானால் வேதத்தையே நம்ப முடியாதல்லவா என்று மறுகரையிலிருந்து வரும் குரலுக்கும் ஒரு வார்த்தை. யெப்தா வாய்விட்ட பொருத்தனையால் மகளை இழந்தான். ஏரோது விருந்தில் ஆணையிட்ட வெட்கத்துக்காக யோவானின் தலையை வெட்டச் சொன்னான். யூத அரசன் சிதேக்கியா பாபிலோன் அரசனுக்குச் செய்த சத்தியத்தை மீறியதற்காக எசேக்கியேல் அவனைக் கண்டித்தார், சத்தியம் அந்நியனுக்குச் செய்யப்பட்டதாக இருந்தும். அவசரச் சத்தியம், ஆணவச் சத்தியம், மீறிய சத்தியம், நீதிபதி முன் பயந்து செய்த சத்தியம் என்று வேதம் தனித்தனியாகப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே விடை கேட்கிறவர்களுக்குத்தான் அது முரணாகத் தெரிகிறது.

எனவே கடற்கரை ஊர்க் கமிட்டிகளுக்கு என் வேண்டுகோள் இது. சாட்சி கிடைக்கும் வழக்கில் சாட்சியை விசாரியுங்கள், சத்தியத்துக்கு ஓடாதீர்கள். சாட்சியே இல்லாத வழக்கில் ஒருவரைக் குருசடிக்குக் கூப்பிட்டால், சத்தியம் செய்ய அவர் மனம் இடங்கொடுக்கவில்லை என்றால் உறுதி கூறச் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். மறுத்ததையே குற்றத்துக்கு அத்தாட்சியாக எடுக்காதீர்கள். பிள்ளைகளின் தலையை எந்த வழக்கிலும் இழுக்காதீர்கள். ஜெபக்கூட்டங்களில் மத்தேயு 5-ஐ வாசிக்கும் போதகர்களிடமும் கேட்கிறேன்: அதே கூட்டத்தில் மத்தேயு 23-ஐயும் 26-ஐயும், 2 கொரிந்தியர் முதல் அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அதற்குப் பிறகும் சத்தியம் வேண்டாம் என்று உங்களுக்குத் தோன்றினால், அதை நீங்கள் கடைப்பிடியுங்கள். கூண்டில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டு வந்த அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள்.